சாய்தளம் போட்டாச்சு, கை எட்டுதா? மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற குழந்தைகள் அருங்காட்சியகம்: ஐந்து பணியாளர்கள் பார்த்ததும் பட்டதும்

காட்சி மேசை செய்பவர்

சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு, அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. சாய்தளம். இது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாசலைத் தாண்டி வந்த குழந்தை மாட்டிக்கொள்வது தண்ணீரில் விளையாடும் தொட்டி மேசையில். பெரியவர்களுக்கான கணக்கில் அடியில் 68.5 செ.மீ. முழங்கால் இடம் விட்டு, அதன்மேல் ஆழமான தொட்டியை உட்காரவைத்தால் விளிம்பு 85 செ.மீ.க்கு ஏறிவிடும். நான்கு வயதுக்காரருக்கு அது மோவாய் உயரம்! உடனே ஸ்டூல் போடுவார்கள். சக்கர நாற்காலி வந்து நிற்க வேண்டிய இடத்தை அந்த ஸ்டூலே அடைத்துக்கொள்ளும்.

தொட்டி முழுக்க ஒரே ஆழம் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் 80 செ.மீ. அகலத்துக்கு 8 செ.மீ. ஆழம் வைத்து, அடியில் 61 செ.மீ. விட்டால் விளிம்பு 71 செ.மீ.க்குள் நிற்கும். வடிகால் குழாயை எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். முழங்கால் இடிபடுவது பெரும்பாலும் அந்தக் குழாய் வளைவில்தான்.

பராமரிப்புப் பிரிவு

பொத்தான், நெம்புகோல் உயரத்துக்கு அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏடிஏவின் வழிகாட்டுதலில் குழந்தைகளுக்கென்றே அளவு உண்டு. 3–4 வயதுக்கு 51 முதல் 91 செ.மீ., 5–8 வயதுக்கு 46 முதல் 102 செ.மீ. இரண்டு வயதுப் பிரிவுக்கும் பொருந்தும்படி 51–91க்குள் வைத்துவிடலாம். இயக்கத் தேவையான விசை 22 நியூட்டன், கிட்டத்தட்ட இரண்டே கால் கிலோ, அதைத் தாண்டக் கூடாது. விரலால் பிடிக்காமல், முஷ்டியை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். நகராவிட்டால் உருண்டைக் குமிழைக் கழற்றிவிட்டு நீள் கைப்பிடி மாட்டுங்கள்.

திறப்பு விழா அன்று எல்லாம் லேசாகத்தான் இருக்கும். மணல் பகுதிக்குப் பக்கத்தில் உள்ளவை நாளாக நாளாக இறுகும். மாதம் ஒருமுறை ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பாதுகாப்புப் பொறுப்பு

வரைபடத்தில் தெரியாத மூன்றைச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உடலில் நிலைமின்சாரம் ஏறும். காது கேட்பதற்காக உள்காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கு அதன் வெளிப்பகுதி பழுதாகலாம், அமைப்புகள் அழிந்துபோகலாம். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் தொல்லையில்லை. பிளாஸ்டிக்தான் என்றால், ஏறும் இடத்திலேயே "கருவியைக் கழற்றிவிட்டு ஏறவும்" என்ற படமும் ஒரு சின்னப் பெட்டியும் வையுங்கள்.

அடுத்தது காந்தம். தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு வைக்கும் வடிகுழாய் வால்வுகளில் சில, வெளியிலிருந்து காந்தத்தால் சரிசெய்யக்கூடியவை. வலுவான காந்தம் தலையருகே வந்தால் அழுத்த அளவு மாறிவிடலாம். கையில் தூக்கக்கூடிய காந்தத்தை விட மேசைக்கு அடியில் பதித்த காந்தமே நல்லது.

மூன்றாவது லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர். பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இதற்கான ஒவ்வாமை அதிகம். பலூன், ரப்பர் கையுறை வேண்டாம்.

பெயர்ப்பலகை வேலை

மூன்று வயதுக் குழந்தை பிரெய்ல் படிக்காதே, எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கப்போவது கூட வந்திருக்கும் பார்வையற்ற அம்மாவோ அப்பாவோ. பார்வையுள்ள பிள்ளைக்கு அவர்தான் வாசித்துக் காட்டுவார். அதனால் செங்குத்துச் சுவரில் தாழ்வாக ஒட்டாதீர்கள், மணிக்கட்டு மடங்கும். சாய்ந்த பலகையில், எல்லா மேசையிலும் ஒரே மூலையில் வையுங்கள். தேடியே நேரம் போகக் கூடாது. காணொளியில் சைகை மொழி சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சுவரிலிருந்து நீட்டும் எதுவும், தரையிலிருந்து 68.5 செ.மீ.க்கு மேல் தொடங்கினால், 10 செ.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. வெண்கோல் அதன் அடியில் புகுந்துவிடும், முகம்தான் மோதும்.

காட்சிக்கூட வழிகாட்டி

ஒலி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் கிளம்பிப்போவது கழிப்பறையில் உள்ள கை உலர்த்தும் இயந்திரத்தால்! திடீரென அலறும். காகிதத் துண்டு போதும். இரைச்சல் தாங்காத குழந்தை ஒதுங்கும் அமைதி மூலையை அந்தக் கழிப்பறைச் சுவருக்கு முதுகு கொடுத்துக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த மூலையின் நுழைவு பெரியவரும் குனியாமல் போகும் அளவில் இருக்கட்டும். சுருண்டு படுத்த குழந்தையை யாராவது தூக்கி வர வேண்டியிருக்கும்.