ஹீட் பம்ப் போட்ட பிறகு முன்னறை மட்டும் குளிர்கிறது: கோளாறு பம்பிலா, ரேடியேட்டரிலா?

ஹாரோவாசி:
வணக்கம். இலண்டன் ஹாரோவில் 1930களில் கட்டப்பட்ட வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற இலையுதிர் காலத்தில், அரசின் 7,500 பவுண்டு மானியத்துடன், எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்தினோம். மாடி அறைகளில் குறையில்லை. முன்னறை மட்டும் உறைபனி நாட்களில் 16 பாகையைத் தாண்ட மறுக்கிறது. அங்குள்ள ரேடியேட்டர், அதாவது அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு, வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அதன் மேல் கை வைக்கவே முடியாது. பொருத்தியவரிடம் முறையிட்டபோது, நீரின் வெப்பநிலையை 45இலிருந்து 55 ஆக உயர்த்திவிட்டுப் போனார். அறை சற்றுச் சூடானது. மின்கட்டணமும் கூடவே ஏறியது. பாய்லர் காலத்து வழக்கப்படி இரவு பத்து மணிக்கு நிறுத்தி, காலை ஆறு மணிக்கு மீண்டும் இயக்குகிறோம். எதை மாற்ற வேண்டும்?

வெந்நீர்க்குழாய்:
ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருப்பது கோளாறு அன்று. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கையை நம்பாமல் அளவைப் பாருங்கள். ரேடியேட்டரின் நீள உயரம், அதில் எத்தனை தகடுகள், குழாயின் தடிமன், பொருத்தியவர் கொடுத்த வெப்ப இழப்புக் கணக்கில் முன்னறைக்கு எத்தனை வாட் என்பவற்றை எழுதுங்கள்.

ஹாரோவாசி:
உயரம் 60 செ.மீ., நீளம் 140 செ.மீ., ஒற்றைத் தகடு. விவரத்தாளில் 1,400 வாட் என்றிருக்கிறது. அறையின் இழப்பு, வெளியே மைனஸ் 2 பாகை இருக்கும்போது, 1,150 வாட். குழாயைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தேன், 47 மி.மீ. வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் சோஃபா நெருக்கிப் போடப்பட்டிருக்கிறது.

வெந்நீர்க்குழாய்:
சிக்கல் அந்த 1,400 வாட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அது, ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை அறையைவிட 50 பாகை கூடுதலாக இருக்கும்போது, அதாவது நீர் 75இல் புகுந்து 65இல் வெளியேறும்போது கிடைக்கும் அளவு. நீர் 45இல் புகுந்து 40இல் திரும்பினால், 20 பாகை அறையோடு உள்ள வேறுபாடு 22.5 பாகைதான், அப்போது அதே ரேடியேட்டர் ஏறத்தாழ 500 வாட்தான் தரும். 55க்கு ஏற்றினாலும் 800ஐ ஒட்டித்தான் நிற்கும். இந்த ஓர் அறைக்காக வீடு முழுவதற்கும் நீரைச் சூடேற்றுவது, ஒரு பிள்ளைக்குக் குளிர்கிறதென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்பளி போர்த்துவது போன்றது. அதே நீளத்தில் இரட்டைத் தகடு போட்டால், நீர் 45இல் இருக்கும்போது 870 வாட் அளவுக்குத்தான் வரும். மூன்று தகடுகள் உள்ள வகைதான் 1,190ஐ எட்டும். அது சுவரிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் துருத்தும் என்பதால், சோஃபாவுக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

பனிக்காலம்:
அண்ணா சொன்ன கணக்குச் சரி. நூல் காட்டிய 47 மி.மீ. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் குழாயின் விட்டம் 15 மி.மீ., ஆகவே தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் 8 மி.மீ. குழாய் இருக்கும், அங்கேதான் நீரோட்டம் போதாமல் திண்டாட வேண்டிவரும். இரவில் முழுவதும் நிறுத்துவதையும் விடுங்கள். இழப்பை ஈடுகட்டவே திணறும் ரேடியேட்டரிடம், எட்டு மணி நேரம் ஆறிப்போன சுவர்களை மீண்டும் சூடேற்ற உபரி ஏது? வேண்டுமானால் இரவில் 2 பாகை மட்டும் குறையுங்கள். புதிய ரேடியேட்டர் வந்ததும் நீரை 45க்கு இறக்கச் சொல்லி, வெளிக்குளிருக்கேற்ப நீரின் வெப்பநிலையைத் தானாக மாற்றும் அமைப்பையும் இயக்கச் சொல்லுங்கள்.

ஹாரோவாசி:
இருவருக்கும் நன்றி. சோஃபாவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, இரவில் நிறுத்தாமல் ஓடவிட்டு மூன்று நாட்களாகின்றன; 55இலேயே அறை 18ஐத் தொட்டிருக்கிறது. மூன்று தகட்டு ரேடியேட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் எடைக்கு எங்கள் பழைய சுவரில் எந்தத் தாங்கி பொருந்தும்?

வெந்நீர்க்குழாய்:
நீர் நிறைந்தால் நன்றாகவே கனக்கும். செங்கல் சுவரென்றால், சுவரில் பிளக் செருகி நீளத் திருகாணியால் தாங்கியை இறுக்கினால் போதும். சுவர் பொலபொலவென்று உதிர்ந்தால், தரையில் ஊன்றும் கால்களோடு வாங்குங்கள்.