8-பிட் கேம் பெட்டிக்கு டியூப் டிவியா, எல்இடியா?

கேள்வி: மஞ்சள் ஒயரை 43 இன்ச் எல்இடியில் செருகினால் படம் மங்கல். பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். திரையை நோக்கிச் சுடும் கேம் துப்பாக்கி சுத்தமாக வேலை செய்யவில்லை. 14 இன்ச் டியூப் டிவி வாங்கலாமா?

பதில் 1: துப்பாக்கிக்கு டியூப்தான், வேறு வழியில்லை. விசையை இழுத்ததும் திரை கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். டியூப் அதை விநாடிக்குச் சுமார் 15,700 கோடுகளாக வரைகிறது. துப்பாக்கியில் இருக்கும் ஒளி சென்சார் தேடுவது அந்தத் துடிப்பைத்தான். எல்இடியில் அது கிடையாது, போதாக்குறைக்குப் படமும் தாமதம்.

பதில் 2: தாமதத்துக்கு முதலில் டிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள். பெட்டி தருவது 240பி, அதாவது 240 கோடுகள் கொண்ட முழுப் படம். பல டிவிகள் அதை 480ஐ (ஒற்றை, இரட்டைக் கோடுகள் மாறி மாறி வரும் படம்) என நினைத்துக் கோடுகளைப் பின்னிச் சேர்க்கும். அதில்தான் நேரம் போகிறது. படிக்க, கம்ப்யூட்டருக்கு என்றால் எல்இடியே மேல்; டியூப்பில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்காது.

பதில் 3: செகண்ட் ஹாண்டில் வாங்கினால் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

மூலையில் ஊதா, பச்சைத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், காந்தம் ஏறியிருக்கும். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் நகர்த்தி, டிவியின் மெயின் சுவிட்சை அணைத்து 20 நிமிடம் கழித்துப் போடுங்கள். 'டொய்ங்' என்ற சத்தத்தோடு குறையும். நடுவில் ஒற்றைக் கிடைக்கோடு மட்டும் என்றால் பெரும்பாலும் வெர்டிகல் ஐசி (படத்தை மேலும் கீழும் விரிக்கும் சிப்) போயிருக்கும், அல்லது அங்கே சால்டர் விட்டிருக்கும். படம் மெதுவாக வெளிச்சமாகி, சிவப்பு வழிந்தால் டியூப்பே தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.