பந்தய விமானம் எந்த வகையில் சேரும்?

கரிசல்குருவி:
கொஞ்ச நாளாக அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தய வீடியோக்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் இரண்டாம் உலகப் போர்க் கால மஸ்டாங் போர் விமானம், அடுத்ததில் ஓர் ஆள் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும் குட்டி விமானம், இன்னொன்றில் ஜெட். எல்லாமே பந்தய விமானமாம். பயணிகள், சரக்கு, போர், பயிற்சி என்றுதான் நான் படித்திருக்கிறேன். பந்தய விமானம் தனி வகையா, இல்லை இதில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்குமா?

வால்காற்று:
நீங்கள் சொல்வது செய்யும் வேலையை வைத்துப் பிரிப்பது. அமைப்பை வைத்துப் பிரித்தால் காற்றைவிட லேசானவை (பலூன், ஏர்ஷிப்), கனமானவை என்று முதலில் இரண்டு. கனமானதில் நிலையான இறக்கை உள்ள விமானம், ஹெலிகாப்டர், எஞ்சின் இல்லாத கிளைடர் என்று போகும். உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் எஃப்.ஏ.ஐ. கிட்டத்தட்ட இப்படித்தான் பிரித்து, அதற்குள் எடை எவ்வளவு, பிஸ்டன் எஞ்சினா, டர்போப்ராப்பா (டர்பைன் சுழற்றும் ப்ரொப்பெல்லர்), ஜெட்டா என்று பார்க்கிறது. இதில் எங்கேயும் பந்தயம் வராது.

சட்டத்தில்தான் வருகிறது. அமெரிக்காவில் விமானங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் எக்ஸ்பெரிமென்டல் (சோதனை வகை) சான்றிதழுக்கு நோக்கம் சொல்ல வேண்டும். விமானப் பந்தயம் அதில் ஒன்று. ஆராய்ச்சி, கண்காட்சி, சொந்தமாகக் கட்டிய விமானம் எல்லாம் அதே பட்டியல்தான். இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு காசுக்குப் பயணிகளை ஏற்றக் கூடாது.

பழைய மெக்கானிக்:
மேலே சொன்னது சரி, ஆனால் பந்தயக்காரர்களுக்கு அவர்களுடைய பிரிவுகள்தான் முக்கியம். ரீனோவில் 1964 முதல் 2023 வரை நடந்தது (2025இல் ராஸ்வெல்லுக்குப் போய்விட்டது). நீங்கள் பார்த்த குட்டி விமானம் ஃபார்முலா ஒன் பிரிவாக இருக்கும். எல்லோருக்கும் 100 குதிரைத்திறன் கான்டினென்டல் ஓ-200 எஞ்சின்தான், இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக் கூடாது, வெற்று எடை 500 பவுண்டுக்குக் குறையக் கூடாது, சக்கரத்தை உள்ளே மடக்கவும் கூடாது. இத்தனை கட்டுப்பாட்டிலும் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டி-6 பிரிவில் எல்லோரும் ஒரே ரகப் பழைய பயிற்சி விமானத்தை ஓட்டுவதால் பைலட்டின் கைவண்ணம்தான் ஜெயிக்கும்.

மஸ்டாங் வருவது அன்லிமிடெட் என்ற பிரிவு. பிஸ்டன் எஞ்சின் இருக்க வேண்டும், மற்றபடி இறக்கை நுனியை வெட்டுவார்கள், கண்ணாடிக் கூண்டைத் தாழ்த்துவார்கள், எஞ்சினை உயிர் போகிற அளவுக்குப் பிழிவார்கள். 1989இல் ரேர் பேர் என்ற பேர்கேட் ரகப் பழைய போர் விமானம் 3 கிலோமீட்டர் தூர ஓட்டத்தில் மணிக்கு 850 கிலோமீட்டர் போனது. 2017இல் வூடூ என்ற மஸ்டாங் போனது 855. 28 வருஷத்தில் கிடைத்தது அவ்வளவுதான், பிஸ்டன் எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் அதற்கு மேல் எளிதில் விடாது.

கரிசல்குருவி:
நன்றி அண்ணா. மிதவை வைத்த பந்தய விமானப் படமும் கண்ணில் பட்டது. அத்தனை பெரிய மிதவையோடு எப்படி வேகமாகப் போகும்?

வால்காற்று:
அது ஷ்னைடர் கோப்பை, 1913 முதல் 1931 வரை கடல் விமானங்களுக்காக நடந்தது. அன்றைய புல்தரை ஓடுதளங்கள் குட்டை, அதனால் மெதுவாக இறங்குவதற்குப் பெரிய இறக்கை தேவைப்பட்டது. கடலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடி எழும்பலாம், இறக்கையைச் சின்னதாக வைக்கலாம்; மிதவையின் இழுவை போக மிச்சம் லாபம். கடைசிப் பந்தயத்தில் வென்ற சூப்பர்மரைன் எஸ்.6பி அதே மாதம் மணிக்கு 655 கிலோமீட்டர் என்ற உலகச் சாதனை செய்தது. அதை வடிவமைத்த மிட்செல்தான் பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையும் வடிவமைத்தார். 1934இல் இத்தாலியின் மாக்கி எம்.சி.72 தொட்ட 709 கிலோமீட்டரைப் பிஸ்டன் கடல் விமானம் எதுவும் இன்னும் தாண்டவில்லை.

உச்சிவெயில்:
ரெட் புல் விமானப் பந்தயத்தை விட்டுவிட்டீர்களே?

பழைய மெக்கானிக்:
அது 2019லேயே நின்றுவிட்டது. அங்கே ஒவ்வொருவராகப் பறந்து நேரம் பார்ப்பார்கள், ரீனோ மாதிரி ஒன்றாகக் கிளம்பி முந்துவது இல்லை. அதில் அதிகம் ஓடிய எட்ஜ் 540 அடிப்படையில் வித்தை விமானம், வேகத்தைவிடச் சட்டென்று திரும்புவதுதான் அங்கே வேண்டும்.