கே1000 நெகட்டிவில் கருப்புப் பட்டை: வெளிச்சமா, வெந்நீரா?

பிடோக்_நிலா:
அப்பாவோட பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, அலமாரியில் இருபது வருஷம் தூங்கினது. எச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்று போட்டு, வீட்டுக் குளியலறையிலேயே கழுவினேன். டெவலப்பர் (படத்தைத் தெரிய வைக்கும் கரைசல்) ஐடி-11, சரிபாதி தண்ணீர், 20 டிகிரியில் 13 நிமிடம். குழாய்த் தண்ணீர் 29 டிகிரி. 20க்கு இறக்க ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள்ளேயே போட்டேன். (திட்டாதீங்க.) இப்போ நெகட்டிவில் கருப்புப் பட்டைகள், ஓரத்து ஓட்டை வரிசை வரைக்கும். 11, 12ஆம் படங்கள்தான் ரொம்ப மோசம். தேக்கா சந்தையில் 11 எடுத்த பிறகு ஒரு வாரம் கேமரா ஜன்னலோரம் சும்மா கிடந்தது. கழுவினதில் கோளாறா?

பழைய_ஷட்டர்:
நிலாம்மா, பதிலை நீங்களே எழுதிட்டீங்க. நெகட்டிவ்ல வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் படத்தோட சட்டத்துக்குள்ளதான் விழும். ஓட்டை வரிசையும் கறுத்திருக்குன்னா பின்கதவு வழியா புகுந்திருக்கு. கேமரா சும்மா கிடந்த இடத்துலதான் அதிகம்னு வேற சொல்றீங்க.

கதவு உட்காரும் பள்ளத்துல விரல் வைங்க. தார் மாதிரி ஒட்டினா, வெளிச்சத்தை அடைக்கிற ஃபோம் பட்டை செத்தாச்சு. பல்குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வச்சு சுரண்டுங்க, அவசரமே வேண்டாம். நான் ஒருமுறை டிவி பார்த்துக்கிட்டே சுரண்டி, ஒரு துணுக்கு, ஃபிலிமை மறைக்கிற ஷட்டர் துணியில ஒட்டிக்கிச்சு. அப்புறம் 1/1000 நொடியில எடுத்ததெல்லாம் பாதிப் படம். கேமராவைக் கவிழ்த்துப் பிடிச்சா குப்பை கீழே விழுந்துடும்.

புது ஃபோம் தேடி அலைய வேணாம். பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூல், கீல் பக்கம் கறுப்பு வெல்வெட் பட்டை. என் கேமராவுல ஆறு வருஷமா அதான். கேமராவுக்குள்ள கண்ணாடிக்கு மேல இருக்கிற ஃபோமைத் தொடாதீங்க, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ஈசூன்_இருட்டறை:
அண்ணன் சொன்னது சரி. ஆனா ஐஸ் விஷயத்தை விடமாட்டேன்! உருகின ஐஸ் டெவலப்பரை இன்னும் நீர்த்துடும், நெகட்டிவ் வெளிறிப் போகும். பாட்டிலை ஐஸ் தண்ணி வாளியில உட்கார வைங்க. நம்ம சிங்கப்பூர்ச் சூட்டுல 20 டிகிரிக்கு மல்லுக்கட்டுறது வீண் லா. நான் 24ல நிறுத்தி, 13க்குப் பதிலா ஏறக்குறைய 9 நிமிடம் கழுவுறேன். ஃபிக்ஸருக்கு (படத்தை நிலைநிறுத்துற கரைசல்) குழாய்த் தண்ணி சூடு பரவாயில்லை.

பிடோக்_நிலா:
விரல் வச்சேன். சோப்பு போட்டும் கறுப்பு போகலை! நூல் எவ்வளவு தடிமன்?

பழைய_ஷட்டர்:
2 மில்லிமீட்டர் போதும். கதவை அழுத்தி மூட வேண்டி வந்தா அது தடிப்பு, மெல்லிசா மாத்துங்க.