சீகேட் – ரெசோனாக் கூட்டு: அலுமினியத் தட்டு சப்ளையர் நிலை என்ன?

ஹார்டு டிஸ்க் உதிரிபாகத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். லேசரால் சூடாக்கிப் பதியும் ஹாமர் (HAMR) டிஸ்க்குகளுக்கான மீடியாவை, அதாவது தரவு பதியும் காந்தப் படலம் பூசிய வட்டுகளை, சேர்ந்து உருவாக்க, 2021இல் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட்டும் மீடியா தயாரிக்கும் ஷோவா டெங்கோவும் (இப்போது ரெசோனாக்) கைகோத்தன. மீடியா சப்ளையருக்கு இது நல்ல சேதிதான். ஆனாலும் ஆர்டர் கொட்டும் என்று நம்பிவிட முடியாது. சீகேட் சொந்தமாகவே மீடியா தயாரிக்கிறது, வெளியே வாங்குவது பற்றாக்குறைக்குத்தான் என்று ஆகிவிடலாம்.

என் சந்தேகம் அதற்கும் ஒரு படி கீழே, மீடியா தயாரிப்பவர்களுக்கு அலுமினியத் தட்டு கொடுப்பவர்களைப் பற்றியது. 3.5 அங்குல டிஸ்க்குகளில் வழக்கமாக இருப்பது நிக்கல்-பாஸ்பரஸ் பூசிய அலுமினியத் தட்டு. ஹாமரின் இரும்பு-பிளாட்டினப் படலம் சரியான படிக அமைப்புக்கு வர 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பூச்சோ 300 டிகிரியை ஒட்டியே படிகமாகிக் காந்தத்தன்மை பெற்றுவிடும். மேற்பரப்பின் வழவழப்பும் போய்விடும். அதனால்தான் கண்ணாடிக்கு மாறுகிறார்கள்.

அப்படியானால் முலாம் பூசும் லைன் முழுக்க வீண்தானே? பாலிஷ் மெஷின்களையாவது காப்பாற்ற முடியுமா? அலுமினா ஸ்லரியை (பாலிஷ் குழம்பை) விட்டு, கண்ணாடிக்கான சீரியம் ஆக்சைடுக்கு மாறினால் பேடு, கேரியர் (தட்டைப் பிடிக்கும் சட்டம்), கழுவும் லைன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவருமா? கடைசி பாலிஷ் கட்டத்தில் அலுமினியம், கண்ணாடி இரண்டுக்கும் கொலாய்டல் சிலிகா (மிக நுண்ணிய சிலிகாத் துகள் கலந்த திரவம்) என்பதால் அந்த மெஷின்கள் தப்பிக்கும் என்று நினைக்கிறேன், சரியா?

இன்னொன்று: ரெசோனாக் தோஷிபாவுடன் மாமர் (MAMR, மைக்ரோவேவ் உதவியுடன் பதியும் முறை) மீடியாவிலும் கூட்டு வைத்திருக்கிறது. மைக்ரோவேவ் முறைக்கு அந்தச் சூடு தேவையில்லை. அதை நம்பி அலுமினிய லைனை எத்தனை வருடம் ஓட்டலாம்? தட்டு பாலிஷ், முலாம் வேலையை நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.