12 கடை விலைப்போட்டி: சிபி-சாட்டில் டேபிள் கட்டுப்பாடு மெமரியைத் தின்கிறது

பிறை_கோடர்:
பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரே வரிசையில் 12 தேநீர்க் கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தே தாரிக்குக்கு ஒவ்வொரு கடையும் 1.80, 2.00, 2.20, 2.40, 2.60 வெள்ளியில் (ரிங்கிட்) ஒன்றை வைக்கலாம். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்கு மட்டுமே மாறுவார். தூய நாஷ் சமநிலைகள் (எந்தக் கடையும் தனியாக விலை மாற்றி லாபம் கூட்ட முடியாத விலை அடுக்குகள்) அனைத்தும் தேவை. சிபி-சாட்டில் (கட்டுப்பாடுகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடும் மென்பொருள்) கடைக்கொரு டேபிள், அதாவது அனுமதித்த விலைச் சேர்க்கைகளின் பட்டியல்; ஒவ்வொரு வரியிலும் 12 கடைகளின் விலைகள். மாடல் கட்டும்போதே மெமரி தீர்கிறது. கடைகளைக் குறைத்து ஓட்டினால், சில தரவுக்கு 'இன்ஃபீசிபிள்' (தீர்வே இல்லை) என்று வருகிறது. மாடல் தப்பா, தரவு தப்பா?

செந்தூல்_கணிதம்:
மெமரிக்குக் காரணம் டேபிளின் அகலம். 12 நெடுவரிசை என்றால் மற்ற 11 கடைகளின் ஒவ்வொரு விலைச் சேர்க்கைக்கும் குறைந்தது ஒரு வரி வேண்டும்: 5-இன் 11ஆம் படி, 4 கோடியே 88 லட்சத்துக்கு மேல். அதுவும் ஒரே கடைக்கு! உங்கள் அனுமானப்படி ஒரு கடையின் லாபத்தைத் தீர்மானிப்பவை இடக்கடை, தன் கடை, வலக்கடை மூன்றுதான். ஆக மொத்தம் 125 சேர்க்கை. பக்கத்து இரு விலைகளின் 25 நிலைகளிலும் எந்த விலை அதிக லாபம் தருகிறதோ அந்த வரிகளை மட்டும் அனுமதியுங்கள். ஓரக் கடை இரண்டுக்கும் 25 சேர்க்கையே.

ஒன்றை மறக்க வேண்டாம். இரண்டு விலைகள் சம லாபம் தந்தால் இரண்டு வரிகளும் டேபிளில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டால் உண்மையான சமநிலைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். லாபத்தை வெள்ளியில் தசமமாகக் கணக்கிட்டால் இந்தச் சமன் கடைசி இலக்கத்தில் உடைந்துவிடும். காசில், முழு எண்ணாகவே வையுங்கள். சிபி-சாட்டும் முழு எண்ணைத்தான் ஏற்கும்.

பாயான்பாரு_ஆப்டி:
'இன்ஃபீசிபிள்' மாடல் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தம்பி. தூய சமநிலையே இல்லாத ஆட்டங்கள் உண்டு. நிரந்தர வாடிக்கையாளர் கொஞ்சம், விலை பார்த்து மாறுபவர் மீதி என்று தரவு இருந்தால், 20 காசு குறைத்தவருக்குக் கூட்டம் போகும், அடுத்தவரும் குறைப்பார், அடிமட்டத்துக்கு வந்ததும் ஒருவர் நிரந்தரக்காரர்களை நம்பி 2.60-க்குத் தாவுவார், மறுபடி குறைப்பு தொடங்கும். சுற்று நிற்காது. 2 கடையை மட்டும் வைத்து 25 சேர்க்கையையும் கையால் சரிபாருங்கள். சுற்று அங்கேயே தெரியும்.

அப்போது 125 வரிகளையும் வைத்துக்கொண்டு 'இழப்பு' என்று நான்காவது நெடுவரிசை சேருங்கள்: சிறந்த லாபம் கழித்தல் இந்த விலையின் லாபம். 12 இழப்புகளில் பெரியதைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். விடை 0 என்றால் அசல் சமநிலை. 35 என்றால், எப்படி அடுக்கினாலும் ஏதோ ஒரு கடைக்கு விலை மாற்றி 35 காசாவது கூட்டிக்கொள்ள வழி இருக்கும்.

பிறை_கோடர்:
நன்றி அண்ணே. மொத்த லாபத்தை உச்சமாக்கும் நோக்கத்தையும் சேர்க்கலாமா?

செந்தூல்_கணிதம்:
டேபிள்கள் இருக்கும்போது சேர்த்தால், சமநிலைகளுக்குள் மொத்த லாபம் அதிகமான ஒன்று கிடைக்கும். டேபிள்களை எடுத்துவிட்டால் கிடைப்பது கடைக்காரர்கள் கூடிப் பேசி வைக்கும் விலை. அதில் தனியாக விலகி லாபம் பார்க்க இடம் இருக்கலாம். அனைத்தையும் பட்டியலிடும்போது நோக்கமே வேண்டாம்: எல்லாத் தீர்வும் தேடும் அமைப்பை இயக்கி, வொர்க்கர் (ஒரே நேரத்தில் தேடும் இழைகள்) எண்ணிக்கையை 1 ஆக்குங்கள்.