ரோமுக்கு ரயிலா, கப்பல் டூரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்டோபரில் பார்சிலோனாவில் கப்பல் ஏறுகிறோம், ஏழு இரவு. நான், மனைவி, எட்டு வயது மகன், அப்புறம் முழங்கால் வலியோடு என் அம்மா. எல்லோருக்கும் இதுதான் முதல் குரூஸ்.

குழப்பமே ரோமில்தான். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்பிவிடும். கப்பல்காரர்களின் டூரில் போனால் பஸ் தாமதமானாலும் நமக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் நான்கு பேருக்கான விலையைப் பார்த்ததும் மனைவி பேசாமல் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ரயில் மலிவு, சுமார் ஒரு மணி நேரம்தான். திரும்பும்போது வேலைநிறுத்தம் என்றால்? இத்தாலியில் அது அபூர்வமில்லை. அன்று ஞாயிறு வேறு. மாதக் கடைசி ஞாயிறு தவிர வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். சரி, கொலோசியம் போதும் என்று இருக்கிறேன். அதற்கும் நேரம் குறித்த டிக்கெட். எத்தனை மணிக்குப் போட்டால் பதற்றமில்லாமல் போகலாம்?

நேப்பிள்ஸில் இறங்கினால், வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேய்தான், மறுபேச்சில்லை. மகனுக்கு எரிமலைப் பைத்தியம். வெசுவியஸ் வெடித்தது கி.பி. 79 என்று வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறான். ஆனால் அந்தத் தெருக்கள் முழுக்க மேடுபள்ளமான கற்கள், நடுவில் வண்டிச்சக்கரத் தடங்கள். அம்மாவால் நடக்க முடியுமா? சக்கர நாற்காலி உருளும் பாதை எந்த வாசலில் தொடங்குகிறது?

லிவோர்னோ துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது ஃபிளாரன்ஸை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் பைசாவோடு நிறுத்தலாமா? வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.